பள்ளியாசிரியர் பத்திராதிபரான வரலாறு

தோற்றுவாய்

சென்ற கோடை விடுமுறையில் யான் என் ஊராகிய கடமலைக்குண்டிற்குச் சென்றிருந்தேன். தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தே, மூலவைகையாற்றை அடுத்து அமைந்த ஊர் அது. காலையில் தேநீர்க்கடைக்கு வரும் நாளிதழை என் பாட்டனார்க்குப் படித்துக் காட்டுதல் விடுமுறைதோறும் எனக்கு வாய்க்கும் கடமையாகும். அவர்க்குக் கண்பார்வை மங்கிவிட்டது. சென்னைச் செய்தியும் தில்லிச் செய்தியும் கடல் கடந்த நாடுகளின் போர்ச் செய்தியும் படித்து முடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையுடன் கேட்டிருந்த அவர், "ஏனப்பா, நம்ம ஊர்ச் செய்தி ஒன்றும் அதிலே இல்லையா?" என்றார். தாளைப் புரட்டிப் பார்த்தேன். மாவட்டச் செய்திப் பக்கத்தின் அடியில் நான்கு வரிகள் இருந்தன. தென்னந்தோப்பு ஒன்றில் காட்டுப்பன்றிகள் புகுந்து கன்றுகளை அழித்தன என்பதே அச்செய்தி. "அதுதான் ஊருக்கே தெரியுமே! பன்றி ஏன் காட்டை விட்டு இறங்கி வருகிறது என்று போட்டிருக்கிறதா?" என்று மீண்டும் வினவினார். அஃது எழுதப்பட்டிலது.

அந்நான்கு வரிகளை எழுதி விடுத்தவர் பிறர் அல்லர். என் பெரியப்பாவின் மகனாராகிய அண்ணனே. அவர் கல்லூரிப் படிப்பை முடித்து, ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராய் அமர்ந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. அன்று மாலை அவரைக் கண்டு பாட்டனாரின் வினாவைக் கூறினேன். அவர் நகைத்து, "நாற்பது வரி அனுப்பினேன், தம்பி, நான்கு வரி வந்தது" என்றார். சிறிது நேரம் வாளா இருந்து, "ஆனாலும் இந்த வேலையை விட்டுவிட மனம் வரவில்லை" என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அவரால் விடை கூற இயலவில்லை.

ஒருவன் எக்காரணம் பற்றிப் பத்திரிகைத் தொழிலை நாடுகின்றான்? எத்தகைய கல்வியும் பயிற்சியும் அவனை அதற்குத் தகுதியுடையவன் ஆக்குகின்றன? அவன் எப்பொருள்களைப் பற்றி எழுதுதல் வேண்டும்? இம்மூன்று வினாக்களோடும் கல்லூரிக்குத் திரும்பிய யான், நம் நாட்டுப் பத்திரிகைத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயருடைய வரலாற்றைத் தேடிக் கற்றேன். அவர் முதுமையிற் பெற்ற புகழை அன்று, இருபத்துமூன்று அகவையில் அவர் எடுத்துக்கொண்ட தொடக்கத்தையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன். அத்தொடக்கம் நம்மனோர்க்குப் பயன்படும் என்பது என் துணிபு.

பிறப்பும் கல்வியும்

சுப்பிரமணிய ஐயர் 1855-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தஞ்சை நாட்டைச் சேர்ந்த திருவையாற்றில் பிறந்தார். தொடக்கக் கல்வியை அவ்வூரிலேயே பெற்றுப் பின் தஞ்சையிலிருந்த தூய பேதுரு கல்லூரியில் பயின்று, 1873-இல் எஃப். ஏ. தேர்வில் தேறினார். அக்கல்லூரி மிஷன் சங்கத்தாரால் நடத்தப்பெற்றது. அதன்பின் சென்னைக்குப் போந்து இரண்டாண்டுகள் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1875 முதல் ஸ்காத்லாந்து சபையாரின் மிஷன் பள்ளியிலும், அதன் பின்னர்ப் பச்சையப்பன் பள்ளியிலும் ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். வேலை பார்த்துக்கொண்டே தனியே படித்து, 1877-இல் பி. ஏ. பட்டமும் பெற்றார்.

இவ்வரலாற்றில் வியத்தற்குரியது யாதும் இல்லை என்று சிலர் கருதலாம். அவர் செல்வக் குடியிற் பிறந்து அச்சுக்கூடம் வைத்திருந்தவர் அல்லர். அரசியல் தலைவர் ஒருவரின் மகனும் அல்லர். மாதச் சம்பளத்திற்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இளைஞர். ஆயினும் அவ்வாசிரியத் தொழிலே அவரைப் பத்திராதிபர் ஆக்கிற்று என்று யான் கருதுகின்றேன். நல்லாசிரியன் ஒருவன் நாள்தோறும் செய்வது யாது? தான் அறிந்த ஒன்றை, அதனை அறியாதார் முன் நின்று, அவர்க்கு விளங்கும் அளவிற்குப் பகுத்தும் வகுத்தும் கூறுகின்றான். "ஏன்?" என்று ஒரு மாணவன் எழுந்து கேட்பின், விடையிறுத்தன்றி மேற்செல்ல அவனுக்கு உரிமை இல்லை. செய்தி எழுதுவோனுக்கும் இப்பழக்கமே முதற்பொருளாகும். என் தந்தையார் யான் ஆசிரியன் ஆகவேண்டும் என்று விரும்புகின்றார். யானோ அண்ணனுடைய தொழிலைப் பார்த்து ஏங்குகின்றேன். இவ்விரண்டும் வெவ்வேறு வழிகள் என்று எண்ணியிருந்த எனக்கு இவ்வரலாறு ஒருவாறு ஆறுதல் அளித்தது.

தூண்டிய நிகழ்ச்சி

இனி, அவரை எழுதத் தூண்டியது யாது என்பதைக் காண்போம். 1876 முதல் 1878 வரை நம் நாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று முதியோர் கூறுவது இதனையே. ஊர்கள் அழிந்தன, உயிர்கள் இலக்கக்கணக்கில் மாண்டன. நாடு இந்நிலையில் இருந்த 1878-ஆம் ஆண்டில், டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமிக்கப்பெற்றார். அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்தம் பத்திரிகைகள் இந்நியமனத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதின. அத்தாக்குதலுக்கு மறுமொழி கூற விழைந்தவர் பலர். ஆனால் கூறுதற்குரிய பத்திரிகை ஒன்று அவர்கள் கையில் இல்லை.

திருவல்லிக்கேணியில் ஓர் இலக்கியக் கழகத்தில் கூடிப் பேசும் வழக்கமுடைய இளைஞர் அறுவர் இக்குறையை உணர்ந்தனர். சுப்பிரமணிய ஐயரும் அவர் நண்பராகிய எம். வீரராகவாசாரியாரும் ஆசிரியர்கள்; ஏனை நால்வரும் சட்டம் பயிலும் மாணவர்கள். அவர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு, 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் "இந்து" என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையை வெளியிட்டனர். சுப்பிரமணிய ஐயர்க்கு அப்போது அகவை இருபத்துமூன்று. நம் கல்லூரியில் முதுகலை படிக்கும் மாணவரின் வயதே.

ஈண்டு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, புகழையோ பொருளையோ நாடி அவர்கள் இத்தொழிலில் இறங்கினாரல்லர். தம் மக்களைப் பற்றிய செய்தியை, அம்மக்கள்பால் அன்பில்லாத பிறர் எழுதக் கண்டு, "இதனை நாமே எழுதுதல் வேண்டும்" என்று எழுந்தனர். மற்றொன்று, தொடங்கிய அறுவருள் சட்ட மாணவர் நால்வரும் தேர்ச்சி பெற்றபின் தத்தம் தொழிலை நாடிப் பிரிந்தனர். ஆசிரியர் இருவருமே நிலைத்து நின்றனர். சுப்பிரமணிய ஐயர் எழுதுதலையும், வீரராகவாசாரியார் நிருவாகத்தையும் ஏற்றுக்கொண்டனர். ஒரு நிகழ்ச்சியாற் பிறந்த சினம் எழுதத் தொடங்குவதற்குப் போதும். ஆனால் தொடர்ந்து எழுதுவதற்குப் போதாது. வாரந்தோறும் தாள் வாங்கவும், மெய்ப்புத் திருத்தவும், சந்தா தண்டவும் வேண்டிய பொறுமை வேறொன்று. வாரம் ஒருமுறை வெளிவந்த அப்பத்திரிகை 1883-இல் வாரம் மும்முறையாகவும், 1889-இல் நாளிதழாகவும் வளர்ந்தமைக்கு அப்பொறுமையே காரணமாகும்.

எழுதிய பொருள்கள்

சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்கொண்ட பொருள்கள் பல. 1882-இல் சேலத்தில் ஒரு கலகம் நிகழ்ந்தது. அதனையொட்டிப் பலர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. சேலத்து வழக்கறிஞர் சி. விஜயராகவாசாரியார்க்கும் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. "இந்து" அவ்வழக்குகளின் நடைமுறையை விடாது ஆராய்ந்து எழுதியது. பின்னர் உயர்நீதிமன்றம் விஜயராகவாசாரியாரை விடுவித்தது. தலைநகரில் இருந்துகொண்டு, தொலைவிலுள்ள ஓர் ஊரில் நடந்ததைத் தன் செய்தியாக ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டமை இதனாற் புலனாகும்.

அவரது உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பொருள் நாட்டின் வறுமையே ஆகும். நிலவரி, உப்புவரி, நெசவாளர் நலிவு, அரசாங்கச் செலவு ஆகியவற்றைக் கணக்குகளோடு எடுத்துக்காட்டி எழுதினார். 1885-இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபையில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. 1897-இல் இலண்டன் சென்று, இந்தியாவின் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் பகர்ந்தார். ஆங்கில ஆட்சியின் பொருளாதார நிலையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1903-இல் நூலாக வெளிவந்தன. "வறுமை உளது" என்பதை எல்லாரும் அறிவர், "வறுமை ஏன் உளது?" என்று கேட்டு, எண்களைத் தேடித் தொகுத்தவர் சிலரே. என் பாட்டனார் காட்டுப்பன்றியைப் பற்றிக் கேட்ட வினாவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே அன்றோ?

தமிழை நாடியமை

ஆங்கிலப் பத்திரிகையாற் பெற்ற வெற்றி அவர்க்கு முழு நிறைவை அளித்திலது. ஆங்கிலத்தில் எழுதினால் அரசாங்கத்தார் படிப்பர். கற்றோர் சிலர் படிப்பர். வரி கொடுக்கும் உழவனுக்கு அதனால் வரும் பயன் யாது? இதனை உணர்ந்து 1882-ஆம் ஆண்டிலேயே "சுதேசமித்திரன்" என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தோற்றுவித்தார். 1898-இல் "இந்து"வை விட்டு விலகியபின் தமிழ்ப் பத்திரிகைக்கே தம்மை ஒப்புவித்தார். 1899-இல் அது நாளிதழாயிற்று. ஊர்தோறும் சென்று, அரசியற் பொருள்களைத் தமிழிலேயே பேசியும் வந்தார்.

தமிழ் பயிலும் நம்மனோர் இவ்விடத்தில் நின்று எண்ணுதல் வேண்டும். காப்பியத்திற்கும் இலக்கணத்திற்கும் உரைக்கும் உரிய சொற்கள் தமிழில் நிரம்ப உள. ஆனால் வரவுசெலவுத் திட்டம், பிரதிநிதித்துவம், சட்டசபை, ஏற்றுமதி என்பவற்றை நாள்தோறும் தமிழில் எழுதுவதற்கு அந்நாளில் வழக்கில் நிலைத்த சொற்கள் இல்லை. மாலைக்குள் அச்சேற வேண்டிய தந்திச் செய்தியை வைத்துக்கொண்டு, நிகண்டு புரட்ட நேரமும் இல்லை. இந்நெருக்கடியிலேதான் இக்காலத் தமிழ் உரைநடையின் ஒரு பெரும்பகுதி உருவாயிற்று. புலவர் வகுத்த நடை ஒருபுறம் வளர, பத்திரிகைக்காரர் அவசரத்திற் புனைந்த நடை மற்றொருபுறம் வளர்ந்தது. நாம் இரண்டிற்கும் கடப்பாடுடையோம்.

இல்லத்தில் வந்த சோதனை

ஊர்க்கு உபதேசம் எழுதுதல் எளிது; தன் வீட்டில் அதனை நடத்திக் காட்டுதல் அரிது. பெண்கள் இளமையில் விதவையராகித் துன்புறுதலைச் சுப்பிரமணிய ஐயர் கண்டித்து வந்தார். அவருடைய மகளாரே சிறு பருவத்தில் கணவனை இழந்தார். 1889-இல் பம்பாயில் காங்கிரஸ் கூடியபோது, அந்நகரில் தம் மகளார்க்கு மறுமணம் செய்துவைத்தார். உறவினரும் சாதியாரும் அவரை விலக்கினர். சீர்திருத்தத்தில் அவர் காட்டிய இவ்வேகம் அவருடைய நெருங்கிய நண்பர்கட்கும் உவப்பாக இருந்திலது.

பத்திரிகையில் எழுதப்புகும் இளைஞன் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று. எழுதிய சொல் ஒருநாள் எழுதியவன் வாயிலுக்கே வந்து நிற்கும். அப்போது கதவைத் திறவாதவனுடைய எழுத்தை அதன்பின் யாரும் மதியார். 1908-இல் அரசாங்கத்தார் இராஜ நிந்தனைக் குற்றம் சாட்டி அவரைச் சிறைப்படுத்தியபோது, அவர் நோயால் மிகவும் நலிந்திருந்தார். 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

அவர் வழி வந்தோர்

ஆசிரியத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்த மற்றோர் இளைஞரை நாம் எல்லாரும் அறிவோம். 1904-ஆம் ஆண்டு மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராயிருந்த சுப்பிரமணிய பாரதியார், அவ்வாண்டின் இறுதியில் சென்னை சென்று "சுதேசமித்திர"னில் உபபத்திராதிபராய் அமர்ந்தார். அவர்க்கு அப்போது அகவை இருபத்திரண்டு. ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குதலே அவர்க்கு வாய்த்த முதல் வேலை. சுவையற்ற வேலை என்று நமக்குத் தோன்றும். ஆயினும் உலகச் செய்தியைப் பாமரர்க்கு விளங்கும் தமிழிற் சொல்லும் ஆற்றலை அவ்வேலை அவர்க்குப் பயிற்றியது. அடுத்த ஆண்டு பெண்டிர்க்குரிய "சக்ரவர்த்தினி" என்னும் மாத இதழின் ஆசிரியரானார். 1906-இல் "இந்தியா" வார இதழில் எழுதத் தொடங்கினார்.

நம் காலத்திற்கு அணித்தாகவும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1957-இல் சென்னையிற் பிறந்த பி. சாய்நாத், நகரத்துப் பத்திரிகை அலுவலகத்தில் பெற்றிருந்த பதவியை விட்டு, 1993 முதல் நாட்டின் மிக வறிய மாவட்டங்களிற் சுற்றித் திரிந்து எழுதினார். நம் இராமநாதபுரமும் அவற்றுள் ஒன்று. அக்கட்டுரைகள் 1996-இல் நூல்வடிவம் பெற்றன. பஞ்சம் வந்த நாளில் மட்டும் சென்று படம் எடுத்துத் திரும்பாமல், பஞ்சம் இல்லாத நாளிலும் அம்மக்கள் எவ்வாறு உண்கின்றனர், எவரிடம் கடன் வாங்குகின்றனர், எத்தனை நாழிகை நடக்கின்றனர் என்று உடனிருந்து காண்பதே அவருடைய முறை.

கடமலைக்குண்டிற்கு ஒரு நிருபர்

இவ்வரலாறுகளை மனத்திற்கொண்டு என் ஊரை நோக்கினால், எழுதப்படாத செய்திகள் எத்துணையோ உள.

முதலாவது ஆறு. வைகை பிறப்பது எங்கள் மலையில். ஆனால் மழை பெய்தாலன்றி மூலவைகையில் நீர் ஓடாது. 1895-இல் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த கால்வாய் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கு நெல்வயல்களை வாழ்வித்து, தேனிக்கு அருகே எங்கள் ஆற்றொடு கலந்து, 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணைக்குச் செல்கின்றது. கலக்குமிடத்திற்கு மேலே உள்ள எங்கட்கு அந்நீர் எட்டுவதில்லை. ஒரே மாவட்டத்தில், மலையொன்றின் இருபுறத்தும் உள்ள இரு பள்ளத்தாக்குகளின் வாழ்வு வேறுபடுதற்குக் காரணம் இதுவே. வெளியூரார் பலரும் வைகை பிறக்கும் ஊரென்றால் வளமான ஊர் என்றே எண்ணுகின்றனர்.

இரண்டாவது காடு. 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பெற்றது. காடு காக்கப்படுதல் வேண்டும். காடு அழிந்தால் ஆறும் அழியும். ஆயினும் தலைமுறை தலைமுறையாக மலைச்சிற்றூர்களில் இலவமரமும் தென்னையும் வைத்துப் பிழைப்போர், தாம் வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சுகின்றனர். காட்டைக் காப்போர் கூறுவதையும் காட்டில் வாழ்வோர் கூறுவதையும் ஒருங்கே கேட்டு, நடுவுநிலைமை தவறாது எழுதுதல் நான்கு வரியில் அடங்கும் செயலன்று.

முடிவுரை

கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறைக்கு யான் ஊர்க்குச் சென்றபோது அண்ணன் ஓர் உதவி வேண்டினார். காப்பகத்தைப் பற்றிய அரசாங்க அறிக்கையொன்றை ஊரார்க்கு விளங்கும் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். "நீ தமிழ் ஆனர்ஸ் படிக்கிறவன் ஆயிற்றே, தம்பி" என்றார். இரண்டு பக்கம் எழுதுதற்கு இரண்டு நாள் ஆயின. எழுதியதைப் பாட்டனார்க்குப் படித்துக் காட்டினேன். அவர் மூன்றிடத்தில் என்னை நிறுத்தினார். "இடைத்தாங்கு மண்டலம் என்றால் என்னப்பா?" என்றார். "காட்டுக்கும் ஊருக்கும் நடுவே, ஆளும் இருக்கலாம், விலங்கும் இருக்கலாம் என்று விட்டிருக்கும் நிலம், தாத்தா" என்றேன். "அப்படியே எழுதினால் என்ன?" என்றார். அப்படியே எழுதினேன்.

அப்பக்கங்களைத் துணையாகக் கொண்டு அண்ணன் மலையூர்கள் சிலவற்றிற்குச் சென்று வந்து எழுதிய செய்தி, பதினொரு வரியாகச் சுருங்கி வெளிவந்தது. ஆயினும் அப்பதினொரு வரிகளில் "ஏன்" என்பதற்குரிய விடையில் ஒரு சிறு பகுதி இருந்தது. பாட்டனார் அதனை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இவ்வேலையை ஏன் விட மனம் வரவில்லை என்று யான் கோடையிற் கேட்ட வினாவிற்கு, அண்ணன் இன்னும் வாயால் விடை கூறினாரல்லர். எண்பது பிரதிகள் அச்சிட்ட அவ்விளைஞரைக் கேட்டிருப்பினும், அவரும் ஒருகால் வாளா இருந்திருப்பார். நம்முள் இத்தொழிலை நாடுவோர் சிலரேனும் இருப்பர். அவர்கள் பெரிய நகரத்துப் பெரிய பத்திரிகையை எதிர்நோக்கிக் காத்திருத்தல் வேண்டா. தத்தம் ஊரில், நாளிதழ் படித்துக் காட்டுமாறு வேண்டும் முதியவர் ஒருவர் இருப்பார். அவர் கேட்கும் முதல் வினாவிலிருந்தே தொடங்கலாம்.